மை கரைந்த அட்டைகளும் பால்காரம்மாவின் பூசணிக்காயும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. குட்டியின் இருமல் நின்றதா? போன வாரம் போனில் அவள் பாட்டுப் பாடிக் காட்டியபோது நடுவில் மூன்று தடவை இருமினாள், நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். வாரம் இரண்டு முறை பேசுகிறோமே, இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் சொல்ல வந்ததோ அவளைப் பற்றி. முகத்துக்கு நேராகப் புகழ்ந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற ரகம் அவள். அதனால் அவள் நூலகத்துக்குப் போயிருக்கிற இந்த நேரத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, இப்போது எங்கள் வீட்டு ஜன்னலில் இருக்கும் தூசி வரைக்கும் தெரிகிறதாம், வந்து சொல்லிவிட்டுப் போனார். உன் சின்ன மாமா தன் பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டு அதைவிடப் பழையதாக ஒன்றை வாங்கியிருக்கிறான், கேட்டால் இரும்பு கெட்டியாக இருக்கிறதாம். குளியலறைக் குழாயை நானே சரிசெய்தேன், இப்போது முன்பைவிட அதிகமாக ஒழுகுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விவசாயக் கண்காட்சி போன சனி ஞாயிறு நடந்து முடிந்தது. போன மாதம் நீ போனில், அம்மாவுக்கு இந்த வயசுல இந்த அலைச்சலெல்லாம் எதுக்குப்பா, பத்து பைசா வருமானம் கிடையாது, கையையும் சுளுக்கிக்கிட்டாங்க, நீங்களாவது சொல்லக்கூடாதா என்று கேட்டாய். நானும் நீ சொல்வது சரிதான் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் அவள் இந்தக் கண்காட்சி வேலையில் இறங்கின பத்தொன்பது வருடமாக எனக்கும் அதே எரிச்சல்தான். கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்னாலிருந்தே வீடு வீடாக இருக்காது. சாப்பாட்டு மேசை முழுக்கப் பட்டியல், நாற்காலியில் கயிற்றுச் சுருள், போனை எடுத்தால் யாரோ ஒருவர் வாத்து முட்டைக்குத் தனிப் பிரிவு உண்டா என்று கேட்பார். ஊர் வேலைக்கு ஓடுகிறவளுக்கு வீட்டு ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நானும் ஆண்டுதோறும் தவறாமல் ஒரு சண்டை போட்டுவிடுவேன். இந்த ஆண்டு அவள் மேசை தூக்கப் போய் வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதில் வசமாக மாட்டிக்கொண்டது நான்தான். விளைபொருள் கூடாரம் முழுவதும் அவள் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். காய், பழம், முட்டை, தேன், விதை என்று யார் எதைக் கொண்டுவந்து போட்டிக்கு வைத்தாலும் அதன் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைக்க வேண்டும், வெளியே எண், மடித்த உள்பக்கத்தில் பெயர், நடுவர்களுக்கு எண் மட்டும்தான் தெரியலாம். அந்த அட்டைகளை எழுத அவளால் முடியாது. முப்பத்தொரு வருடம் பள்ளி அலுவலகத்தில் சான்றிதழ் எழுதின கை வீட்டில் சும்மாதானே இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டாள். போகும்போதே சொன்னாள், ஏங்க, பென்சில்ல எழுதுங்க, அது போதும் என்று.

பென்சிலா? என் கையெழுத்தைப் பார்த்து ஊரே கண்ணில் ஒற்றிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது, நீயும் பார்த்திருக்கிறாய். பெட்டியில் கிடந்த மைப் பேனாவை எடுத்துக் கழுவி, புது நீல மைப் புட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடாரத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தவன் பன்னிரண்டு மணிக்குள் இருநூற்று எண்பத்தாறு அட்டைகள் எழுதினேன். வந்தவர்களெல்லாம், அச்சடிச்ச மாதிரி இருக்கே சார் என்றார்கள். ஒருவர் தன் அட்டையைக் கண்காட்சி முடிந்ததும் சட்டம் போட்டு மாட்டப் போவதாகச் சொன்னார். எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துத்தான் போயிற்று, மறைக்கவில்லை. உன் அம்மா உள்ளே தட்டுகளை அடுக்குவதில் இருந்தாள், நான் எதால் எழுதுகிறேன் என்று பார்க்க அவளுக்கு நேரம் இல்லை.

ஒரு மணிக்குக் காற்று வந்தது, பின்னாலேயே மழை. மழை என்றால் சாதாரண மழை இல்லை, குடத்தைக் கவிழ்த்த மாதிரி. கூடாரத்தின் கூரைத் துணி ஒரு பக்கமாகத் தொய்ந்து, அதில் தண்ணீர் தேங்கி, வயிறு உப்பின மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. உள்ளே பதினைந்து பேர் இருந்தோம். கால்நடை மருத்துவர், இரண்டு நர்சுகள், தபால்காரர், முடிதிருத்துகிறவர், எல்லாரும் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்கள். உன் அம்மா ஒரு கையை மார்போடு கட்டிக்கொண்டு, மேசையத் தூக்குங்க, பொருளை விட்டுடாதீங்க, நடுவுக்கு வாங்க என்று குரல் கொடுத்தாள், அத்தனை பேரும் தட்டு ஒன்றுகூட உருளாமல் மேசைகளை நகர்த்தினார்கள். நகர்த்தி முடித்த நேரத்தில் துணி கிழிந்து தண்ணீர் மொத்தமும் உள்ளே கொட்டியது. அரை மணியில் மழை நின்று வெயிலும் அடித்துவிட்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி. பார்த்தால் ஒரு தக்காளிகூட நசுங்கவில்லை. ஆனால் மேசை விரிப்பெல்லாம் நீலம். அட்டைகளில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை, நீலமாக ஒரு கறை மட்டும். ஒரு தட்டில் இருந்த ஆறு வெள்ளை முட்டைகளும் புள்ளி புள்ளியாக நீலம் பிடித்திருந்தன, அதற்குச் சொந்தக்காரம்மா பிற்பாடு வந்து பார்த்துவிட்டு, என் கோழி இதை இப்படியே போட்டுச்சுன்னு எழுதிடாதீங்க என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் எத்தனை பொருள் கொடுத்தார்கள் என்று பதிவேட்டில் இருக்கிறது, அது நனையவில்லை, ஆனால் இருபத்துமூன்று தட்டுக் கத்தரிக்காயில் எது யாருடையது என்று எந்தச் சாமி வந்து சொல்லும்? மறுநாள் காலை எட்டு மணிக்கு நடுவர்கள் வருகிறார்கள். உன் அம்மா ஒரு அட்டையை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குள் விதைக்கடைக்காரர் வந்துவிட்டார், அவர்தான் கண்காட்சிக் குழுவின் தலைவர். நாற்பத்தொரு வருடத்தில் நடக்காத கூத்து என்று ஆரம்பித்தார். எவன் மைல எழுதினது, இது பிள்ளைங்க விளையாட்டா, போட்டி கிடையாதுன்னு அறிவிச்சுடுங்க, சும்மா பார்வைக்கு வெச்சுட்டு அனுப்புங்க என்று கத்தினார். அப்போது உன் அம்மா முன்னால் போய், கூடாரம் என் பொறுப்பு, நான்தான் கவனிக்கல, தப்பு என்னுதுதான் என்றாள். நான் அவளுக்கு மூன்றடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, உடனே எனக்கு வாய் வரவில்லை. அவர் மேலும் நாலு வார்த்தை அவளைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் மரமாக நின்றேன். பிறகுதான், அவங்க பென்சில்ல எழுதத்தான் சொன்னாங்க, கேக்காம மைல எழுதினது நான் என்று சொன்னேன். அந்தச் சில விநாடிகள் நான் சும்மா இருந்தது இப்போதும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முப்பது வருஷம் ஆபீஸ்ல இருந்த மனுஷன் என்று மட்டும் சொன்னார், அது போதுமானதாக இருந்தது.

உன் அம்மா அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். எல்லாரையும் திரும்பக் கூப்பிடுவோம், பெத்தவளுக்குத் தன் பிள்ளைய அடையாளம் தெரியாதா என்றாள். விதைக்கடைக்காரர் சிரித்தார். கூப்பிட்டா எல்லாரும் பெரிய பூசணிக்காயக் காட்டி என்னுதும்பாங்க, அப்ப என்ன பண்ணுவீங்க என்றார். அதற்கு அவள், அப்படிப்பட்ட ஜனங்களா இருந்தா நாப்பத்தொரு வருஷம் இது நடந்திருக்காதுங்க, ஆனாலும் யாரையும் உள்ள விடப் போறதில்ல, வாசல்லயே நின்னு தன் பொருளுக்கு என்ன அடையாளம்னு சொல்லட்டும், நான் உள்ள போய்த் தேடுறேன் என்றாள். பதிவேட்டில் இருந்த போன் எண்களை நர்சுகள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேர் வயலில் இருந்தார்கள், எடுக்கவில்லை. தபால்காரர் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, யார் வீடு எங்கன்னு என்னைத் தவிர யாருக்குத் தெரியும் என்று கிளம்பினார். உன் சின்ன மாமாவுக்கு அன்று மினிபஸ் ஓட்டுகிற முறை, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிறுத்தி, பொருள் வெச்சவங்க கூடாரத்துக்கு வரணுமாம் என்று ஜன்னல் வழியே கூவிக்கொண்டே கடைசிப் பண்ணை வரை போய், திரும்புகிறபோது பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். மூன்று மணிக்கு வாசலில் வரிசை நின்றது. யாராவது கோபித்துக்கொள்வார்கள், இரண்டு பேராவது சட்டையைப் பிடிப்பார்கள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். வந்தவர்களில் ஒருவர்கூட ஒரு சுடுசொல் சொல்லவில்லையடி. கையெழுத்து அழகா இருக்கும்போதே நினைச்சேன் சார், திருஷ்டி பட்டுடும்னு என்றார் ஒருத்தர், அவ்வளவுதான்.

நான் வாசலில் உட்கார்ந்து, இந்த முறை பென்சிலால், ஒவ்வொருவரும் சொல்கிற அடையாளத்தைச் சீட்டில் எழுதி, புது எண் அட்டையோடு அம்மாவிடம் நீட்டினேன். அங்கேதான் வேடிக்கை. நல்ல காய்க்கு என்ன அடையாளம் சொல்ல முடியும்? எல்லாமே பளபளப்பு, எல்லாமே உருண்டை. குறை ஒன்று இருந்தால்தான் அடையாளம். ஆக நடுவர் கண்ணில் படக்கூடாது என்று யார் யார் எதை மறைத்து வைத்தார்களோ அதை அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒரு பெரியவர் குனிந்து என் காதில், சார், சின்னப் பூசணி, அடிப்பக்கம் எலி கடிச்சிருக்கு, அது தெரியாம கவுத்து வெச்சிருக்கேன் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், பூசணிக்காயையே வைத்து எலிக்கடியை மறைத்தவரை அன்றுதான் பார்த்தேன். தேன் கொண்டுவந்தவர் தன் புட்டியின் அடியில் ஒரு தேனீயின் கால் கிடப்பதாக ஒப்புக்கொண்டார். முடிதிருத்துகிறவர் ரொம்ப நேரம் நெளிந்துவிட்டு, அஞ்சு கத்தரிக்காயில ஒண்ணு என் மச்சான் செடியோடது, அளவு சரியா வரலன்னு வாங்கி வெச்சேன், காம்புல சிவப்பு நூல் கட்டியிருக்கேன் என்றார். உன் அம்மா அந்த ஒன்றை மட்டும் எடுத்து அவர் கையில் கொடுத்து, உங்க நாலும் போட்டியில சேராது, ஆனா பார்வைக்கு வெக்கறேன், அடுத்த வருஷம் அஞ்சும் உங்களுதா இருக்கணும் என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார், போனவர் வீட்டுக்குப் போகவில்லை, கிழிந்த கூரைத் துணியைத் தைக்கிறவர்களோடு உட்கார்ந்து ஊசி பிடித்தார். ஐந்தரை மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, இருநூற்று எண்பத்தாறும் அடையாளம் கண்டு முடித்தாயிற்று. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினது ஒன்றுகூட இல்லை. உன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முதல் வாய் தண்ணீர் குடித்தது அப்போதுதான்.

மறுநாள் நடுவர்கள் வந்து பார்த்தார்கள், போனார்கள், பதினோரு மணிக்குப் பரிசு அறிவிப்பு. எல்லாம் நல்லபடியாகப் போய்க் கடைசியில் பெரிய பூசணிக்காய்ப் பிரிவு. அதில் வருடா வருடம் முதல் பரிசு பால்காரம்மாவுக்கு, இரண்டாவது வெல்டிங் பட்டறைக்காரருக்கு, நாலு வருடமாக இதேதான். அந்த ஆளை ஊரில் நம்பர் டூ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள். இந்த ஆண்டு முதல் பரிசுக்கு அறிவித்த எண் பட்டறைக்காரருடையது. கூட்டம் விசிலடித்தது. அவர் மனைவி பையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினாள். அவரும் சிரித்துக்கொண்டே மேடைக்குப் போய், ரிப்பனை வாங்கி, பூசணிக்காயின் மேல் கட்டுவதற்குக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. காம்பைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் இரண்டாவதாக இருந்ததையும் தடவிப் பார்த்தார். பிறகு மைக்கைக் கேட்டு வாங்கி, இது என்னுது இல்லீங்க, நான் காம்ப ரம்பத்தால அறுப்பேன், இது அரிவாள்ல வெட்டினது, என்னுது பக்கத்துல இருக்கறது என்றார். முந்தின நாள் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அடையாளம்தான் சொல்லியிருக்கிறார்கள், பச்சைக் கோடு, ஒரு பக்கம் சப்பை என்று. உன் அம்மா அட்டைகளை மாற்றி வைத்துவிட்டாள். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் கடைசி வரைக்கும் தெரிந்திருக்காது, அவர் பெயரும் மாறியிருக்கும்.

அவர் இறங்கிப்போய் ரிப்பனைப் பால்காரம்மாவின் கையில் கொடுத்தார். விதைக்கடைக்காரர், உங்க காய் உங்களுக்குத் தெரியலையாம்மா, காலைலயே வந்து பார்த்தீங்களே என்று கேட்டார். அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, தெரியாம என்னங்க, காலைலயே தெரியும், வேற நம்பர் இருந்துச்சு, அத்தனை பேரு நனைஞ்சுகிட்டுச் சம்பளமில்லாமச் செஞ்ச வேலை, அதுல போயி நான் நொட்டை சொல்லவா, ஒரு வருஷம் அவரும்தான் வாங்கிட்டுப் போகட்டுமேன்னு இருந்துட்டேன் என்றார். மைக் அப்போதும் பட்டறைக்காரர் கையிலேயே இருந்ததால் இது திடல் முழுவதும் கேட்டுவிட்டது. உன் அம்மா எழுந்து நின்று, மாத்தி வெச்சது நான், ரெண்டு பேரும் மன்னிக்கணும் என்று சொல்ல வாயெடுத்தாள், பாதியில் குரல் உடைந்தது. அந்தப் பாதிக்கே கூட்டம் எழுந்து கை தட்ட ஆரம்பித்துவிட்டது. பட்டறைக்காரருக்கா, பால்காரம்மாவுக்கா, உன் அம்மாவுக்கா, யாருக்குத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் தட்டினேன், இரண்டு உள்ளங்கையும் எரிகிற வரைக்கும். விதைக்கடைக்காரர் பிறகு பிளாஸ்கில் டீ கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார், மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவர். ஆனால் முதல் கிளாஸை என்னிடம்தான் நீட்டினார்.

அதனால்தான் சொல்கிறேன் கண்ணு, அன்றைக்கு உன்னோடு சேர்ந்து ஒரு பக்கமாக ஆட்டின தலையை இப்போது மறுபக்கமாக ஆட்டுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதனால் என்ன வருமானம் என்று கேட்டாயே, கேட்டது நியாயம்தான், நானும் கேட்டவன்தான். அந்த வரிசையில் நின்ற முகங்களை நீ பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய். அவளை நம்பித் தங்கள் குறையை அவள் வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். பத்தொன்பது வருடம் அவள் கயிறு கட்டியதும் மேசை தூக்கியதும் பட்டியல் போட்டதும் சும்மா போகவில்லை. அவளை வேலையை விடச் சொல்லாதே. வேண்டுமானால் மணிக்கட்டுக்குக் கட்டுகிற நல்ல பட்டை ஒன்று அங்கே கிடைத்தால் அனுப்பு, இங்கே கிடைப்பது இரண்டு நாளில் தளர்ந்துவிடுகிறது.

திங்கட்கிழமை திடலைச் சுத்தம் செய்யப் போனோம். நாற்பது ஐம்பது பேர் ஒரே வரிசையாக, கைக்கு ஒரு சாக்கோடு, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை குனிந்து காகிதமும் கயிற்றுத் துண்டும் பொறுக்கிக்கொண்டே நடந்தோம். எனக்கு இந்தப் பக்கம் கால்நடை மருத்துவர், அந்தப் பக்கம் பட்டறைக்காரர். இடுப்பு விட்டுப் போயிற்று, ஆனால் வழியெல்லாம் ஒரே சிரிப்பு. பட்டறைக்காரரை எல்லாரும் நம்பர் டூ என்றே கூப்பிட்டார்கள், கூப்பிட்ட விதம்தான் மாறியிருந்தது. திடலின் முடிவில், புதிதாக வந்திருக்கும் ஊராட்சிச் செயலாளர் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக் கைகுலுக்கிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் இவர் யார் என்று உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். முப்பத்தாறு வருடமாக அவள் என்னை எத்தனையோ பேருக்கு அறிமுகம் செய்திருக்கிறாள், எப்போதும் என் வீட்டுக்காரர் என்றுதான் சொல்வாள். அன்றைக்கு அவள் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இவரா, நம்ம கூடாரத்து ஆளு என்றாள்.

அவள் வருகிற நேரம் ஆகிவிட்டது, முடிக்கிறேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே, மாப்பிள்ளையும் வண்டியை மெதுவாக ஓட்டட்டும். குட்டிக்கு இருமல் இன்னும் இருந்தால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாமல் டாக்டரிடம் காட்டு. உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் எல்லா நலமும் நிறைய வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். இந்தக் கடிதத்தில் இருப்பதை அம்மாவிடம் போனில் உளறிவிடாதே, கட்டாயம்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அப்பா
(விளைபொருள் கூடாரம்)